லவோனுக்கு வீடு உண்டா என்கிற வழக்கு

லவோன் மெல்ஹாஃப் ரத்தத்தைப் பார்த்துப் பயந்தவள் இல்லை. குடித்துவிட்டு வந்து ஊசி போடும் கையைக் கடிக்கிறவனைப் பார்த்துப் பயந்தவள் இல்லை. பெரிய டாக்டர்களைப் பார்த்துக்கூடப் பயந்தது கிடையாது. அப்பேர்ப்பட்ட நர்ஸுக்கு ஐம்பது வயசுக்கு மேலே ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் வேர்த்துக் கொட்டியது. கேள்வி என்னவோ சின்னக் குழந்தையிடம் கேட்கிற கேள்விதான்.

"உங்க வீடு எங்க இருக்கு மேடம்?"

கேட்டவர் நூட்சன். வரி அலுவலகத்தில் வாழ்விடத் தீர்மானப் பிரிவுக்குத் தலைமை அதிகாரி. தலையில் நாலு முடி, அந்த நாலையும் ஒழுங்குமுறைப்படி வாரியிருந்தார்.

லவோனின் தொழிலைச் சொல்லிவிட்டால் கதை விளங்கும். அவள் ஊர் ஊராகப் போகிற ஒப்பந்த நர்ஸ். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றவில்லையோ அந்த ஊருக்கு ஏஜென்சி அவளை அனுப்பும். மூன்று மாதம் மொன்டானா, அடுத்த மூன்று மாதம் அரிசோனா. போன இடத்தில் தங்கவும் சாப்பிடவும் சம்பளத்துக்கு மேலே படி கொடுப்பார்கள். அந்தப் படிக்கு வரி இல்லை. சொந்த ஊரில் ஒரு வீட்டுச் செலவு, போன ஊரில் ஒரு வீட்டுச் செலவு என்று ரெட்டைச் செலவு செய்கிறவர்கள் பாவம் என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்லவன் அப்படிச் சட்டம் போட்டான். நல்லவன் செத்துப்போனான். சட்டத்தை வைத்துப் பிழைக்க இந்தப் பிரிவு வந்து சேர்ந்தது.

லவோனின் வீடு தெற்கு டகோட்டாவில், பிளம் கிரீக் ஊருக்கு வெளியே இருக்கிற பண்ணை. அங்கேதான் பிறந்தாள். அப்பா காலத்துக்குப் பிறகு பத்திரம் அண்ணன் டெல்மர் பேருக்குப் போனது. மாடியில் கிழக்குப் பக்க அறை மட்டும் லவோனுடையது. கல்யாணமாகிப் போனபோதும் அது அவள் அறைதான், கல்யாணம் முறிந்து பெட்டியோடு திரும்பி வந்தபோதும் அது அவள் அறைதான். டெல்மர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத மனுஷன். சூரியகாந்தியும் ஆடுகளும் ஒரு பழைய டிரக்கும் போதும் என்று இருந்துவிட்டான்.

இப்போது இந்தப் பிரிவு என்ன சொன்னது என்றால், லவோனுக்கு வீடு உண்டு என்று லவோனே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் இத்தனை வருஷப் படியும் சம்பளம் ஆகிவிடும், அதற்கு வரி, வரிக்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. சேர்த்து வைத்ததெல்லாம் ஆனை வாயில் போன கரும்புதான். அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். தோற்றால் அவளை 'நிலையற்றோர்' பட்டியலில் சேர்ப்பார்களாம், அதாவது பூமியில் எங்கேயும் வீடில்லாதவள். அந்த வார்த்தைதான் அவள் நெஞ்சில் தைத்தது. "நான் என்ன, காத்துல பறக்கிற குப்பையா?" என்று டெல்மரிடம் கேட்டாள். அவன் ஆட்டுக்குத் தீவனம் வைக்கப் போய்விட்டான்.

"எங்க அண்ணன் பண்ணையிலதான் சார் என் வீடு" என்றாள் நூட்சனிடம்.

"அங்க ரொம்ப நாள் இருப்பீங்களா?"

"கிறிஸ்துமஸுக்குப் போவேன். ரெண்டு ஒப்பந்தத்துக்கு நடுவுல போவேன். அண்ணன் ஏணியிலேர்ந்து விழுந்தப்ப போனேன்."

"அப்ப பெரும்பாலும் அங்க இல்ல."

"வேலைக்குப் போயிருந்தேனே சார்."

"ஆளே இல்லாத இடம் எப்படி மேடம் வீடாகும்?"

"நான் அங்கேயே இருந்தா, படிக்கு வரிவிலக்கு குடுப்பீங்களா?"

"நிச்சயமா மாட்டோம்!" என்றார் நூட்சன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இப்ப உங்களுக்கே விஷயம் புரிய ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. நிறைய பேருக்குப் புரியறதே இல்ல."

லவோனுக்கு ஒரு இழவும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அண்ணனுக்கு வாடகை குடுக்கறீங்களா?"

"வாடகையா? கேஸ் தொட்டியை நிரப்பிக் குடுப்பேன். போன வருஷம் கூரை மாத்தினது என் காசு. அண்ணனுக்குப் பல்லு கட்டினது..."

"அதெல்லாம் பாசம் மேடம்" என்றார் நூட்சன், மிகுந்த அனுதாபத்தோடு. "பாசத்தை எங்க பிரிவு ரொம்ப மதிக்குது. ஆனா பாசத்துக்குச் சந்தை விலை கிடையாது. சந்தை விலை இல்லாதது செலவு இல்ல. செலவு இல்லாத இடம் வீடு இல்ல. வாடகை குடுங்க. எங்க ஆள் ஒருத்தர் வந்து நேர்ல பார்ப்பாரு."

வந்தவர் ஓஸ்ட்பி. கள ஆய்வாளர். நல்ல பையன் போலத்தான் இருந்தார், சாதுவான முகம், இஸ்திரி போட்ட சட்டை. ஆனால் அவர் வந்த நாள்தான் சரியில்லை. அக்டோபரில் காட்டுக்கோழி வேட்டை தொடங்குகிற வாரக்கடைசி அது. அந்த இரண்டு நாளும் பிளம் கிரீக்கில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய திருவிழா. நாலு மாநிலத்து ஆட்களும் ஆரஞ்சுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நாயோடு வந்து இறங்குவார்கள். மோட்டலில் குளியல் தொட்டியில்கூட ஆள் படுத்திருக்கும். அந்தச் சமயம் பார்த்து அறை பதிவு செய்யாமல் வருகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்கவேண்டும், இல்லை அரசாங்க அதிகாரியாக இருக்கவேண்டும். ஓஸ்ட்பி இரண்டுமாக இருந்தார்.

லவோன் அப்போது மொன்டானாவில் வேலையில் இருந்தாள். விஷயம் போனில்தான் தெரிந்தது.

"அண்ணே, வந்த ஆளு எங்க தங்கினாரு?"

"உன் ரூம்லதான். பாவம்டி, காருக்குள்ளயே படுத்துக்கறேன்னான். வெளிய குளிரு எலும்பை உடைக்குது. மனுஷனை அப்படி விடுவாங்களா? நான்தான் புதுப் போர்வை எடுத்துக் குடுத்து மேல அனுப்பினேன். காலையில கோழி வறுத்துக் குடுத்தேன், நல்லாச் சாப்பிட்டான்."

"என் கட்டில்லயா படுத்தாரு?"

"வேற எங்க, உத்திரத்துலயா? ரொம்ப நன்றின்னு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனான். நம்ம பக்கம்தான் எழுதுவான், நீ கவலைப்படாத."

ஓஸ்ட்பியின் அறிக்கை வந்தது. முதல் வரியே இப்படி: 'மேற்படி அறையில் குடியிருப்பாளர் அல்லாத ஓர் ஆண் உறங்குவது ஆய்வாளரின் நேரடி அனுபவத்தில் தெரியவந்தது. ஆகவே அறை குடியிருப்பாளரின் தனி உபயோகத்தில் இல்லை.' இரண்டாவது வரி: 'வீட்டுக்காரர் அந்நிய ஆண்களிடம் வாடகை வாங்காமல் அறையைக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர்.' அன்று இரவு தங்கியதற்கான பயணப்படியை ஓஸ்ட்பி முறைப்படி வாங்கிக்கொண்டார்.

"துரோகிப் பய!" என்று டெல்மர் போனில் கத்தினான். "அவனுக்குப் போயி நெஞ்சுக்கறியா எடுத்து வெச்சேனே!"

அறிக்கையோடு ஒரு அறிவுரையும் வந்திருந்தது. சொந்தக்காரருக்கு வாடகைக்கு விடுகிறவர் அவரை முன்பின் தெரியாத அந்நியரைப் போலவே நடத்தவேண்டும். அப்படி நடத்தினால்தான் அது உண்மையான குடித்தனம். டெல்மர் சர்ச்சுப் பாட்டை மனப்பாடம் பண்ணுகிறவன் மாதிரி அதைப் பலமுறை படித்தான். தங்கச்சியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தங்கச்சியை மறக்கவேண்டும், அவ்வளவுதானே என்று முடிவு செய்துகொண்டான். டெல்மரிடம் அதுதான் கோளாறு. ஒன்றைச் செய்வதென்று இறங்கிவிட்டால் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு லவோன் வந்து இறங்கினாள். மேலே போய்ச் சூட்கேஸைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் யாரும் யார் கதவையும் தட்டியது கிடையாது.

"யாரு?"

"வீட்டுக்காரர்."

திறந்தாள். டெல்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து நின்றான்.

"கீழ விருந்து தயார். சாப்பிடறதா இருந்தா தனிக் காசு. வான்கோழிக்கு ஒரு விலை, உருளைக்கிழங்குக்கு ஒரு விலை. இனிப்புக்குக் கூகன் வேணும்னா முன்கூட்டிச் சொல்லணும்."

"என்ன அண்ணே விளையாடறியா?"

"அண்ணேன்னு கூப்பிடக்கூடாது. மிஸ்டர் மெல்ஹாஃப்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. கீழே போனார்கள். மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்நியர்களைப் போலச் சாப்பிட்டார்கள். முட்டை ரொம்ப வெந்துவிட்டது என்று, காசு கொடுத்துச் சாப்பிடுகிறவள் என்கிற உரிமையில் லவோன் குறை சொன்னாள். டெல்மர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு முட்டை கொண்டுவந்தான். பாலாடையும் பழமும் வைத்துச் சுட்ட கூகன் ஒரு துண்டு, அவர்கள் அம்மா செய்கிற அதே கூகன், அதற்கு அவன் சீட்டுக் கிழித்து நீட்டியபோது லவோன் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"வேணாம் அண்ணே. எனக்கு வீடு இல்லைன்னே அவங்க எழுதிக்கட்டும். இப்படி ஒரு வீடு எனக்கு வேணவே வேணாம்."

"உன்னை எங்கேயும் இல்லாதவள்னு எழுத விடமாட்டேன்டி" என்றான் டெல்மர். கண் கலங்கியிருந்தது. பிறகு ஞாபகம் வந்தவனாக, "காசை மேஜை மேல வெச்சிட்டுப் போங்க" என்றான்.

ஜனவரியில் விசாரணை தொடங்கியது. தொடங்கியது என்றால், தொடங்குவதாகச் சொல்லித் தள்ளிவைத்தார்கள். முதல் தடவை, கட்டில் என்றால் என்ன என்கிற விளக்கம் தலைமையகத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அடுத்த தடவை ஓஸ்ட்பி வெளியூரில் வேறு யாருடைய கட்டிலிலோ ஆய்வில் இருந்தார். ஒரு நாள் பனிப்புயல், அலுவலகமே பூட்டிக் கிடந்தது. மறுநாள் போனால், நேற்று வராததற்கு விளக்கம் கேட்டார்கள்.

"ஆபீஸே பூட்டியிருந்ததே சார்!"

"பூட்டியிருந்ததை நீங்க நேர்ல வந்து பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டார் நூட்சன்.

எந்த நாளும் கூப்பிடலாம், கூப்பிடும்போது இல்லாவிட்டால் வழக்கு தோற்றது என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அதனால் லவோன் புதிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போட முடியவில்லை. ஏஜென்சிக்காரன் போன் பண்ணிப் பண்ணிச் சலித்துவிட்டான். தினமும் காலையில் பண்ணையிலிருந்து பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது மாடிக் காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். சாயங்காலம் திரும்பிப் போவாள். சும்மா உட்கார அவளுக்கு உடம்பு வணங்காது. வரிக் கவலையில் வந்து உட்கார்ந்திருக்கிற கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொன்னாள். நோட்டீஸைப் படித்துவிட்டு மயங்கி விழுந்த ஒரு பால்பண்ணைக்காரரைத் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். எழுந்தவர் மறுபடி நோட்டீஸைக் கையில் எடுத்தார், மறுபடி விழுந்தார். பனி உருகி, ரோட்டோரத்தில் புல் தலைகாட்டிய பிறகு ஒருவழியாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அறையில் நூட்சன் நடுவில், ஓஸ்ட்பி பக்கத்தில். ஓரத்தில் பதிவெழுத்தாளர் ஜோலின் தட்டச்சுக் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். யார் வாயைத் திறந்தாலும் அவள் விரல் ஓடும். டெல்மர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான்.

நூட்சன் எழுந்து நின்று தீர்ப்பு சொன்னார்.

"மேடம், உங்க வழக்கை நாங்க லேசா எடுத்துக்கல. ஒரு மனுஷிக்கு வீடு இல்லைன்னு சொல்றது பெரிய பாவம். எங்க பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அந்தப் பாவத்தை ரொம்ப கவனமா, ஒவ்வொருத்தருக்கா, தனித்தனியாத்தான் பண்ணிட்டு வர்றோம். ஆனா உங்களுக்கு வீடு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கோம்."

டெல்மர் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஒருத்தர் ஒரு காரியமா எந்த இடத்துல அதிகமா இருக்காரோ, அதுதான் அவர் வீடு. கடைசியா நீங்க அதிகமா இருந்தது மொன்டானாவுல இல்ல, அரிசோனாவுல இல்ல. எங்க வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். எந்த ஆஸ்பத்திரியைவிடவும் அதிகமா நீங்க இருந்தது இந்தக் கட்டடத்துல, மூணாவது மாடி, காத்திருப்பு அறை. ஆகவே சட்டப்படி அதுதான் உங்க வீடு."

"சார், நான் ராத்திரி எங்க அண்ணன் வீட்டுலதானே தூங்கினேன்!"

"தூக்கத்தை நாங்க கணக்குல எடுக்கிறதில்ல. தூங்கும்போது தான் எங்க இருக்கோம்னு அவங்களுக்கே தெரியாது. மத்தபடி, இந்த வீட்டுக்கு நீங்க வாடகை குடுக்கல. அதனால பழைய படிக்கெல்லாம் வரி உண்டு. வாழ்த்துகள்."

சொல்லிவிட்டு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். டெல்மர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். லவோன் அழவில்லை. அப்படியே காத்திருப்பு அறைக்குப் போய், அங்கிருந்த நாற்காலிகளையும் ஜன்னலையும் சுவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். புது வீட்டுக்குக் குடிபோகிற பெண் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"அண்ணே, டிரக்ல என்ன இருக்கு?"

"ஆட்டுக்கு வாங்கின வைக்கோல் இருக்கு. ஏன்?"

"கடைத்தெருவுக்குப் போயி மின்சார அடுப்பும் சமையல் சாமானும் போர்வையும் ஒரு திரைச்சீலையும் வாங்கிட்டு வா. பூப்போட்டது."

நூட்சன் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ஜன்னலில் மஞ்சள் பூத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. டோக்கன் இயந்திரத்தின் மேல் மேஜைவிரிப்பு. வரி விகித அட்டவணையின் மேல் ஒரு காலண்டர். மின்சார அடுப்பில் மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தது. வரி கட்ட வந்த சனமெல்லாம் காகிதத் தட்டில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பால்பண்ணைக்காரர் இரண்டாம் தடவை வாங்கினார். வாசலில் செருப்பும் பூட்ஸும் வரிசையாகக் கிடந்தன.

"என்ன மேடம் இது? அரசாங்கக் கட்டடம்!"

"ஐயோ, ஷூவோட உள்ள வர்றீங்களே சார்! இப்பத்தான் கூட்டினேன். கழட்டிட்டு வாங்க. வந்ததும் வந்தீங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

நூட்சன் ஒரு கணம் தன் ஷூவைப் பார்த்தார். வீட்டுக்குள் ஷூவோடு நுழையாத அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் அல்லவா, கால் தானாகவே பின்வாங்கியது. பிறகு சுதாரித்துக்கொண்டார்.

"அஞ்சு மணிக்குக் கதவைப் பூட்டணும். எல்லாத்தையும் எடுங்க."

"பூட்டுங்க சார், எனக்கும் அதுதான் பத்திரம். காலையில வரும்போது கதவைத் தட்டிட்டு வாங்க, நான் எந்தக் கோலத்துல இருப்பேனோ."

ஓஸ்ட்பி ஓரமாக நின்று தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டெல்மர் அவர் பக்கத்தில் போய் நின்றான். "இங்கயும் படுக்கப் போறீங்களா சார்? இடம் இருக்கு" என்றான். ஓஸ்ட்பிக்குப் புரையேறியது. லவோன்தான் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

ஐந்து மணி அடித்தது. காவலாளி வந்தான். அவனுக்கும் ஒரு தட்டுக் கொடுத்தார்கள், அவன் உட்கார்ந்துவிட்டான். லவோன் ஒரு போர்வையை உதறி மூன்று நாற்காலிகளின் மேல் விரித்தாள். நூட்சனுக்கு முகம் சிவந்து, வாரிவிட்ட நாலு முடியும் நிமிர்ந்து நின்றது. இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் குரலை உயர்த்தியதே கிடையாதாம். அன்றைக்கு உயர்த்தினார்.

"மேடம்! போதும்! மரியாதையா எழுந்து உங்க வீட்டுக்குப் போங்க!"

"எந்த வீட்டுக்கு சார்?"

"தெரியாத மாதிரி நடிக்காதீங்க! பிளம் கிரீக்ல, உங்க அண்ணன் பண்ணை! மாடியில, கிழக்குப் பக்க ரூம்! அது உங்க வீடு இல்லாம வேற யார் வீடு? போய் அங்க படுங்க!"

தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நூட்சன் மெதுவாகத் திரும்பினார். விசாரணை அறையின் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் ஜோலின் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா எழுதற?"

"நீங்க சொன்னதைத்தான் சார். விசாரணை முடிஞ்சதுன்னு சொல்லாமலே சாப்பிடப் போயிட்டீங்க. முடிஞ்சதுன்னு தலைமை அதிகாரி சொல்ற வரைக்கும் நான் நிறுத்தக்கூடாது, நீங்க போட்ட விதிதான். அவங்க வீடு எதுன்னு கடைசியா நீங்க சொன்னதுதான் தீர்ப்பு. கிழக்குப் பக்கம்னு சொன்னீங்களா, மேற்குப் பக்கமா?"

நூட்சன் நாற்காலியில் உட்கார்ந்தார். அது லவோன் போர்வை விரித்த நாற்காலி. "கிழக்கு" என்றார் ஈனக்குரலில்.

பால்பண்ணைக்காரர் கைதட்டினார். லவோன் அப்போதுதான் அழுதாள், அடுப்பை அணைத்துக்கொண்டே, மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டே, வெட்கமில்லாமல் அழுதாள். டெல்மர் திரைச்சீலையைக் கழற்றி மடித்தான், அந்த மஞ்சள் பூ அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள்.

நூட்சனால் பொறுக்க முடியவில்லை. மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "மேடம், ஒரு நிபந்தனை!" என்று கூப்பிட்டார். "அது உங்க வீடுதான், ஒத்துக்கிறேன். ஆனா அங்க போய் ரொம்ப நாள் இருந்துடாதீங்க, அப்புறம் சலுகை போயிடும்!"

இத்தனை மாதத்தில் டெல்மர் நூட்சனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுப்பைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தான்.

"அவ இருப்பா, போவா, நினைச்சா வருவா. வாடகை குடுக்க மாட்டா. கூகன் வயிறு முட்டத் தின்னுட்டு என்னையே திட்டுவா. எங்க ஊருல அதைத்தான்யா வீடுன்னு சொல்லுவோம்!"

நூட்சன் பதறிப்போய்த் திரும்பி, "ஜோலின், வாடகை குடுக்க மாட்டாள்னு சொன்னதை மட்டும் பதிவுல ஏத்திக்க!" என்றார்.

"விசாரணை முடிஞ்சதுன்னு இப்பத்தான் சார் சொன்னீங்க" என்று பொய் சொல்லிவிட்டு, ஜோலின் கருவியை மூடிக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.